ஒரு மணி நேர போல்ட்

ஓசூர் சிப்காட்டில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட். வெல்டிங் முடிந்த அழுத்தக் கலன் ஒன்று ஹைட்ரோ டெஸ்டுக்கு, அதாவது நீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனைக்கு, தயாராக நின்றது. அதன் 6 அங்குல வாயை டம்மி ஃபிளாஞ்ச் என்ற தற்காலிக இரும்புத் தட்டு மூடி வைத்து மூடியிருந்தார்கள். பன்னிரண்டு ஓட்டைகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆறில்தான் போல்ட் இருந்தது.

"ஏண்ணே, பாதி ஓட்டை காலியா இருக்கு?" என்று ஃபிட்டரிடம் கேட்டேன்.

"டெஸ்டுக்குத்தானே சார். ஒரு மணி நேரத்துல கழட்டிடுவோம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹைட்ரோ டெஸ்டில் கலனை அது வேலை செய்யும் அழுத்தத்தில் நிறுத்துவதில்லை, அதற்கும் மேலே ஏற்றுவார்கள். கலன்களுக்கான ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதியில் இது முன்பு ஒன்றரை மடங்கு, இப்போது 1.3 மடங்கு. 46 பாருக்கு (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வடிவமைத்த கலனுக்குச் சோதனை அழுத்தம் ஏறத்தாழ 60 பார். அப்படியானால் பிறகு வரப்போகும் நிரந்தர போல்ட் தன் ஆயுளில் காணாத அழுத்தத்தை, ஸ்கிராப் பெட்டியிலிருந்து எடுத்த இந்தத் தற்காலிக போல்ட் காணப்போகிறது.

எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூடிக்கும் வாய்க்கும் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் வளையமான கேஸ்கெட்டின் விட்டம் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 60 பாரில் அந்த வட்டத்தை நீர் வெளியே தள்ளும் விசை 18 டன்னுக்கு மேல். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு மாங்காய் ஏற்றி வரும் ஆறு சக்கர லாரி, சட்டம் அனுமதிக்கும் முழு எடையோடு அந்த மூடியில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு முடியவில்லை. இங்கே வைத்திருக்கும் ஸ்பைரல் வகை கேஸ்கெட் கசியாமல் இருக்க அதை மேலும் சுமார் 15 டன் விசையில் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மொத்தம் 33 டன்.

பன்னிரண்டு போல்ட் என்றால் ஆளுக்கு 2.75 டன். ஆறே என்றால் 5.5 டன். முக்கால் அங்குல சாதாரண மைல்ட் ஸ்டீல் போல்ட், தலையில் 4.6 என்று பொறித்திருப்பது, சுமார் 5.3 டன்னிலேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். அதே தடிமனில் பி7 என்ற உறுதியான எஃகு ஸ்டட் (தலையில்லாத, மரை போட்ட கம்பி) 15 டன்னைத் தாண்டியும் தாங்கும். துரு ஏறி, எண்ணெய் படிந்த பிறகு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முனையில் உள்ள எழுத்தைத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

போல்ட் நீண்டால் உடனே அறுந்துவிடாது. பிடி தளர்ந்து, போல்ட் இல்லாத இடத்தில் ஃபிளாஞ்ச் லேசாக வளைந்து, கேஸ்கெட் ஓரம் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். ஆபத்து தொடங்குவது அங்கேதான். யாராவது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து, அழுத்தம் இருக்கும்போதே இன்னும் ஒரு திருகு முறுக்குவார். ஏற்கெனவே எல்லையில் நிற்கும் போல்ட்டுக்கு அந்தத் திருகே போதும். அறுந்த துண்டு ஸ்பிரிங் விட்டதுபோலப் பாயும், அதன் நேரே முறுக்கியவரின் முகம் இருக்கும். கசிந்தால் முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். அப்புறம்தான் ஸ்பேனர்.

நீர்தானே, வெடிக்காதே என்பார்கள். பாதி உண்மை. ஆயிரம் லிட்டர் நீரை 60 பாருக்கு அழுத்தினால் மூன்று லிட்டர்கூடச் சுருங்காது. அதனால் அதில் சேரும் ஆற்றலும் சொற்பம். அதே இடத்தில் அதே அழுத்தத்தில் காற்று இருந்தால் ஆற்றல் ஆயிரம் மடங்குக்கும் மேல். நிரப்பும்போது கலனின் உச்சியில் வென்ட்டை, அதாவது காற்றுப் போகும் துளையை, திறந்து, நீர் குமிழியில்லாமல் வழியும்வரை காத்திருப்பது இதற்காகத்தான். மேலே சிக்கிய காற்று, டம்மி கழன்றால் அதைத் தூக்கி எறியும்.

ஃபிட்டர் மீதி ஆறு ஓட்டைகளையும் நிரப்ப ஒப்புக்கொண்டார். பெட்டியைக் கிளறி ஸ்டட்டுகளை எடுத்துச் செருகி, எம்20 (20 மில்லிமீட்டர்) நட்டுகளைப் போட்டார், கையாலேயே சரசரவென்று ஏறின. எனக்கு அந்த வேகம்தான் இடித்தது. முக்கால் அங்குல மரையில் ஒரு சுற்றுக்கு நட் நகர்வது 2.54 மில்லிமீட்டர், எம்20-இல் 2.5. அதனால் ஒன்று மற்றொன்றில் தாராளமாக ஏறும், இறுகவும் செய்யும். ஆனால் மரையின் பற்கள் முழு ஆழத்துக்குக் கவ்வாது. சுமை வந்தால் உருவிக்கொண்டு போகும்.

வெர்னியர் அளவுகோலை வைத்து ஸ்டட்டை அளந்தோம். 19 மில்லிமீட்டர் காட்டியது, அதாவது முக்கால் அங்குலம். "அடப்பாவி" என்று அவர் நட்டுகளைத் திரும்பக் கழற்ற ஆரம்பித்தார்.