‘தக்’: முரடனா, எத்தனா?

இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனம் 1959-இல் ‘தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆஃப் பாம்பே’ என்ற கறுப்பு வெள்ளைத் திகில் படத்தை வெளியிட்டது. இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர். 1820-களின் இந்தியாவில் வழிப்போக்கர்கள் கூட்டங்கூட்டமாகக் காணாமல் போகிறார்கள். துப்புத் தேடிப் போகும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கேப்டன், காளியின் பெயரால் கொலை செய்யும் ‘தக்’குகளிடம் மாட்டுகிறார். அந்தப் படத்தைப் பார்த்தவருக்குத் தக் என்றால் கழுத்தை நெரிப்பவன் என்றே மனத்தில் பதியும். ஆனால் ஆங்கிலத்தில் ‘thug’ என்று வழங்கும் இந்தச் சொல்லின் மூலப் பொருள் அதுவல்ல.

இந்தியில் இது டகரத்தில் தொடங்கும் சொல். ‘டக்’ என்றால் ஏமாற்றுபவன், ‘டக்னா’ என்றால் ஏமாற்றுதல். மறைத்தல் என்ற பொருளுள்ள சமஸ்கிருத வேர் ‘ஸ்தக்’கிலிருந்து வந்தது. இன்றும் இந்திக்காரர்கள் ஆசைகாட்டிப் பணம் பறிக்கிறவனை அப்படித்தான் திட்டுவார்கள்.

கொலைகாரர்களுக்கு ஏன் இந்தப் பெயர்? அவர்கள் வழிமறித்துத் தாக்கியவர்கள் அல்லர், வழித்துணையாக வந்து சேர்ந்தவர்கள். வியாபாரிகளோடும் விடுப்பில் ஊர் திரும்பும் சிப்பாய்களோடும் கூடவே நடந்து, கூடவே தங்கி, நம்பிக்கை வந்தபின் கொன்றார்கள். ஜபல்பூர்ப் பகுதியில் இவர்களைப் பிடித்த கம்பெனி அதிகாரி வில்லியம் ஸ்லீமன், இவர்களது குழூஉக்குறிகளைத் தொகுத்து 1836-இல் நூலாக்கினார். அதில் பேச்சுக் கொடுத்து வசப்படுத்துகிறவன் ‘சோத்தா’, கழுத்தில் துணி போடுகிறவன் ‘புர்தோத்’. புகையிலையைப் பற்றிய சாதாரணப் பேச்சே கொலைக்கான சைகை!

தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று நிரூபித்தாலே ஆயுள் தண்டனை என அதே 1836-இல் சட்டம் வந்தது. தக் யார் என்று அந்தச் சட்டம் வரையறுக்கவில்லை. வழக்குகள் பெரும்பாலும் அப்ரூவர்களின், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய குற்றவாளிகளின், வாக்குமூலத்தில் நின்றன. காளி வழிபாட்டுக்காகவே கொன்றார்கள் என்ற கதையை ஆய்வாளர்கள் பலர் இன்று ஏற்பதில்லை. படமோ அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அதன் பெரிய குறை இதுதான்.

தெற்கே கம்பெனி அதிகாரிகள் வைத்த பெயர் ‘பான்சிகர்’. பான்சி என்றால் சுருக்கு. எமன் கையில் இருக்கும் பாசக்கயிற்றின் ‘பாச’மும் இதுவும் ஒரே சொல்தான். படத்தின் தலைப்புக்குச் சரியாகப் பொருந்துவது இந்தப் பெயரே.

‘தக்’ ஆங்கிலத்துக்குப் போனபின் ஏமாற்று உதிர்ந்து முரட்டுத்தனம் மட்டும் மிஞ்சியது. அப்புறம் அமெரிக்க ராப் வழியாக ‘தக் லைஃப்’ ஆகி, நம் மீம்களில் கெத்து என்ற பொருளில் உலவுகிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்லலாம்? ‘ஆறலைகள்வர்’ உடனே நினைவுக்கு வரும். ஆறு என்றால் வழி. வழிப்போவாரை வருத்துகிற கள்வர். பாலை யாழின் இசை கேட்டால் ‘ஆறலை கள்வர் படைவிட’ அருள் பிறக்கும் என்கிறது பொருநராற்றுப்படை. திருமுருகன்பூண்டியில் பொருளைப் பறிகொடுத்த சுந்தரரும் ‘கூறைகொண்டு ஆறலைக்குமிடம்’ என்று பாடுகிறார். அருமையான சொல். ஆனால் அந்தக் கள்வர்கள் வில்லோடு நேரே வந்தவர்கள். சிரித்துப் பேசி உடன்வந்தவனுக்கு அது பொருந்தாது.

இந்தி மூலத்துக்கு நேரான சொல் ‘எத்தன்’. எத்துதல் என்றால் ஏமாற்றுதல். ‘எத்தனுக்கு எத்தன்’ என்று இன்றும் பேசுகிறோம். இன்றைய ஆங்கிலப் பொருளில் வந்தால் இடத்துக்கேற்ப அடியாள், போக்கிரி. வரலாற்றுக் கூட்டத்தைக் குறிக்கும்போது மட்டும், பாடநூல்கள் எழுதுவதுபோல் ‘தக்கர்’ என்றே வைத்துக்கொள்வது நல்லது.