கட்டைவிரல் பட்டதும் பேஸ் ஏன் டிரம்மாகிறது?

'எவ்ரிடே பீப்பிள்' பாட்டில், தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் கிட்டார் முழுக்க ஜி என்ற ஒரே சுரத்தைத்தான் வாசிக்கிறது. ஆனாலும் அலுக்கவில்லை. சுரம் மாறாதபோது காது அது பிறக்கும் கணத்தைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறது.

அதைப் பாடிய ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் 1966-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் உருவான குழு. 1967-இல் வந்த முதல் ஆல்பம் விலைபோகவில்லை. இந்தப் பாட்டு அடங்கிய 'ஸ்டாண்ட்!' 1969 மே மாதம் வந்து அவர்களை உச்சிக்குக் கொண்டுபோனது. பேஸ் வாசித்த லாரி கிரஹாம் முன்பு தன் தாயோடு டிரம்மர் இல்லாமல் வாசித்தவர். காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்முக்கு ஈடாகக் கட்டைவிரலால் கம்பியைத் தட்டினார். வெடுக்கென்று ஒலிக்கும் ஸ்நேர் டிரம்முக்கு ஈடாக இன்னொரு விரலால் சுண்டினார். ஸ்லாப் என்ற வாசிப்பு முறை பிறந்தது அப்படித்தான்.

பேஸின் தடித்த கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. விரல் நுனி மெத்தென்று இருப்பதால், அதனால் மீட்டும்போது மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர் அதிர்வுகள்) மழுங்கிவிடும். கட்டைவிரலின் எலும்புப் பக்கம், கிட்டாரின் கழுத்து முடியும் இடத்தில் தட்டினால் கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டில் மோதித் திரும்பும். அந்த மோதலில் கம்பியில் கூர்மையான மடிப்பு விழுந்து ஓடுகிறது. பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை மேற்சுரங்கள் தெறிக்கின்றன. அக்காலத்து டிரான்சிஸ்டர் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது. ஆனால் 82, 123, 164 என்று அடுக்கு வந்தால் போதும், விடுபட்ட அடிச்சுரத்தை மூளையே இட்டுக்கொள்ளும். ஸ்லாப் அந்த அடுக்கைத் தாராளமாகத் தருகிறது.

புதிதாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: தட்டிய விரலை எடுப்பதில்லை. விரல் தங்கினால் கம்பி ஊமையாகிவிடும். கையை ஓங்க வேண்டாம். பூட்டில் சாவி திருப்புவதுபோல் மணிக்கட்டு சுழன்றால் போதும். 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் சுமார் 2 மி.மீ. இருக்கலாம். 3-ஐத் தாண்டினால் பலமாக அறைய வேண்டிவரும். மிகத் தாழ்ந்தால் எல்லாச் சுரமும் கரகரக்கும். இடது கையால் மற்றக் கம்பிகளை மூடாவிட்டால் அவையும் சேர்ந்து முனகும். வியர்வை ஏறிய பழைய கம்பியில் 'டக்' என்ற அந்த ஒலியே கிடைக்காது.

பதிவு செய்யும்போது தொடக்க அடி எகிறி உடையும், உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரெஸர் அவசியம். ஆனால் அது 1 மில்லி நொடியில் பிடித்தால் அடியையே விழுங்கிவிடும். 20 மில்லி நொடி அளவுக்கு விட்டுப் பிடிக்கலாம்.

1971-இல் வந்த 'தேர்ஸ் எ ரயட் கோயின் ஆன்' ஆல்பம் நேர்எதிர். பல பாட்டுகளில் டிரம்ஸுக்குப் பதில் ரிதம் இயந்திரம்; பேஸும் பல இடங்களில் குழுத் தலைவர் ஸ்லை ஸ்டோன் வாசித்ததே. ஒரே டேப்பில் திரும்பத் திரும்ப அழித்து, மேலே மேலே பதிந்ததில் முதலில் தேய்ந்தவை உயர் அதிர்வெண்கள்; 'டக்' ஒலி குடியிருப்பதும் அங்கேதான். எஞ்சியது போர்வைக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு மந்தமான துடிப்பு. அது எனக்கு 'ஸ்டாண்ட்!'டைவிடத் துணிச்சலாகவே கேட்கிறது. மறு ஆண்டே கிரஹாம் குழுவை விட்டுப் போனார்.