பழைய நாலணாவில் எவ்வளவு வெள்ளி? விற்கலாமா, உருக்கலாமா?

கடலூரில் பழைய வீட்டை இடிக்கும்போதோ, பெட்டியைக் காலி செய்யும்போதோ ராஜா தலை போட்ட காசு நாலைந்து கிடைத்துவிடும். லாரன்ஸ் ரோட்டு நகைக்கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் காசில் உள்ள ஆண்டைப் பாருங்கள்.

1939 வரை வந்த வெள்ளி நாலணாவின் எடை 2.92 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 2.7 கிராம். போர்க்காலத்தில் வெள்ளியை மிச்சம் பிடிக்கத் தரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். அதனால் 1941 முதல் 1945 வரையிலான நாலணாவில், அதே எடை இருந்தும், வெள்ளி 1.46 கிராம்தான், மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். 1940 மாறிய ஆண்டு என்பதால் அதைச் சோதித்தே விலை பேசுங்கள். 1946 முதல் வந்தது நிக்கல். 1918 முதல் வந்த சதுர ரெண்டணாவிலும் வெள்ளி கிடையாது. 1919 முதல் 1921 வரை செம்பு நிக்கலிலும் நாலணா அடித்தார்கள்.

வெள்ளியின் எடையை அன்றைய கிராம் விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு வந்துவிடும். கடைக்காரர் சேதாரம் கழிப்பார். எழுத்தும் தலையும் தேயாமல் இருந்தால் நாணயம் சேர்ப்பவர் அதைவிடக் கூடுதலாகவே தரக்கூடும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த மதிப்பு போய்விடும்.

சரி, உருக்கலாமா? 2011 நாணயச் சட்டப்படி செல்லுபடியாகும் காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம்; ஏழு ஆண்டு வரை சிறை. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது, அதனால் பழைய நாலணாவுக்கு இந்தத் தடை பொருந்தாது. 50 பைசா இன்றும் செல்லும், அதில் கை வைக்க வேண்டாம்.

அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்தால் கதை வேறு. தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டை இருந்த ஊர் இது, மண்ணுக்குள் காசு இருப்பதில் ஆச்சரியமில்லை. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. தெரிவித்து, உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுக்கும். ஏழைக் கூலியாளுக்கு இது பெரிய பாதுகாப்பு, ஆனால் அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பழங்காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி பெயரில் அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். வங்கி 2021-லேயே இதை மறுத்து எச்சரித்திருக்கிறது.

அப்புறம், புதுச்சேரிப் பக்கம் பிரான்ஸில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் கவனிக்க: நூறு ஆண்டு கடந்த நாணயம் சட்டப்படி தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது, ஒற்றைக் காசாக இருந்தாலும்.