முதல் இரண்டு நிமிடம்: பார்வையாளரின் கண்ணுக்கு ஒரு திட்டம்

ஊடகம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வழக்கமான பயிற்சி தரப்படுவதுண்டு. முழுக் குறும்படம் வேண்டாம். அதன் தொடக்கத்தை மட்டும், சுமார் இரண்டு நிமிட அளவில் எடுத்து வர வேண்டும். கேமராவைத் தொடும் முன் ஆய்வும் திட்டமும் எழுத்தில் இருக்க வேண்டும். பலருக்கு அலுப்பூட்டுவது இந்த எழுத்து வேலைதான். பிடித்த நான்கு படங்களின் பெயர்கள், 'இசை திகிலூட்டுகிறது', 'ஒளியமைப்பு அருமை' என்று சில வரிகள், நண்பர்கள் பூர்த்தி செய்த ஒரு கேள்வித்தாள். ஆய்வு முடிந்தது! இதை ரசனைக் குறிப்பு என்று சொல்லலாம், ஆய்வு என்று சொல்ல முடியாது. ஒரு தொடக்கம் பார்ப்பவரை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதற்கு இதில் பதில் இருக்காது.

அந்தப் பதிலுக்கு அருகில் போன சோதனை ஒன்று 2008இல் வெளியானது. நரம்பியல் ஆய்வாளர் யூரி ஹாசனின் குழுவினர், எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்திருந்தவர்களுக்குச் சில படத் துண்டுகளைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லோருக்கும் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், எவ்வளவு பரப்பில் செயல்பாடு ஒரே விதமாக ஏறி இறங்குகிறது என்று அளந்தார்கள். ஒரு பூங்காவை நிலையான கேமராவில், ஒரு கட் கூட (ஒரு காட்சித் துண்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வெட்டு) இல்லாமல் பதிவு செய்த காட்சிக்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய தொலைக்காட்சிக் கதைக்கு 65 சதவீதத்துக்கும் மேல். இது படத்தின் தரத்துக்கான மதிப்பெண் அல்ல என்று ஆய்வாளர்களே எச்சரிக்கிறார்கள். இயக்குநர் பார்வையாளரின் கவனத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார் என்பதற்கான அளவு, அவ்வளவுதான். ஆனால் மாணவருக்குத் தேவையான செய்தி இதிலேயே இருக்கிறது: கேமராவை ஓர் இடத்தில் வைத்து ஓடவிட்டால் கண்கள் ஆளுக்கொரு பக்கம் போகும்.

கண்ணால் கூர்மையாகப் பார்க்க முடிகிற பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் அது எவ்வளவு இடத்தை அடைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவே. மீதியெல்லாம் மங்கல். அதனால்தான் கண் விநாடிக்கு மூன்று முறை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது. கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியோடு படம் பார்க்க வைத்தால், பெரும்பாலானவர்களின் பார்வை ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் குவிவது தெரிகிறது. முகம், அசைவு, வெளிச்ச வேறுபாடு ஆகியவை இழுக்கின்றன. கட் விழுந்ததும் பார்வை திரையின் நடுப்பகுதிக்குத் திரும்பவே பார்க்கும். ஒரு ஷாட்டின் (இரண்டு கட்களுக்கு நடுவே ஓடும் காட்சித் துண்டு) வலது மூலையில் கண்ணை நிறுத்திவிட்டு, அடுத்த ஷாட்டின் முக்கியப் பொருளை இடது மூலையில் வைத்தால், அதைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஒரு விநாடி ஷாட்டில் அது பெரிய இழப்பு.

சரி, எதைக் காட்டுவது? ஆர்வம் என்பது தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே உள்ள இடைவெளி என்று 1994இல் ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் எழுதினார். ஒன்றுமே தெரியாதவனுக்கு இடைவெளியும் தெரியாது. மாணவர் படங்களில் திரும்பத் திரும்ப வரும் அந்த இருட்டு நடைபாதை, முகம் மறைத்த உருவம், காலடி ஓசை ஆகியவை பெரும்பாலும் தோற்பது இதனால்தான். எல்லாவற்றையும் ஒளித்தால் மர்மம் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை அது. ஆர்சன் வெல்ஸ் 1958இல் 'டச் ஆஃப் ஈவில்' படத்தைத் தொடங்கிய விதம் இதற்கு நேரெதிர். ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருப்புகிறது, குண்டு காரின் பின்பெட்டிக்குள் போகிறது, கார் கிளம்புகிறது. முதல் சில நொடிகளிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. பிறகு மூன்று நிமிடத்துக்கும் மேலாகக் கட் இல்லாமல் கேமரா தெருவோடு போகிறது. எப்போது வெடிக்கும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியாது.

ஆகவே ஆய்வு என்றால் கையில் நிறுத்துக்கடிகாரம் இருக்க வேண்டும். தேர்ந்தெடுத்த தொடக்கத்தின் முதல் 120 விநாடியில் எத்தனை ஷாட் என்று எண்ணுங்கள். முப்பது என்றால் சராசரி நான்கு விநாடி. இந்தச் சராசரி நீளம் திரைப்பட ஆய்வில் நெடுநாளாகப் புழங்கும் அளவுகோல். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். திரையை மறைத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள். ஒலியை அலட்சியமாக நினைக்க வேண்டாம். வடிவங்கள் மட்டுமே அசையும் ஓர் அனிமேஷன் துண்டுக்கு வெவ்வேறு இசை சேர்த்துக் காட்டினார்கள் மார்ஷல், கோஹன் என்ற ஆய்வாளர்கள், 1988இல். வெறும் முக்கோணங்களின், வட்டத்தின் 'குணம்' பற்றியே பார்த்தவர்களின் மதிப்பீடு இசைக்கு ஏற்ப மாறியது. வடிவத்துக்கே இப்படி என்றால் மனித முகத்துக்குக் கேட்கவா வேண்டும்!

இனி திட்டம். ஒரு பெண் பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே வருகிறாள், தனியாக வசிப்பவள். மேசையில் ஒரு கோப்பை, அதிலிருந்து ஆவி எழுகிறது. கதை இவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். 'ஷாட் 4: கோப்பை, குளோசப்' என்று மட்டும் எழுதினால் படப்பிடிப்பில் ஆவி தெரியாது. ஆவியில் தெரிவது நுண்ணிய நீர்த்துளிகள். தம்மீது விழும் ஒளியில் பெரும்பகுதியை அவை முன்னோக்கியே சிதறடிக்கின்றன. ஆகையால் விளக்கு கோப்பைக்குப் பின்னால், கேமராவை நோக்கி, ஆனால் சட்டகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பின்புலம் கருமையாக இருக்க வேண்டும். வெள்ளைச் சுவர் முன் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் பயனில்லை. அவள் தனியாக வசிப்பவள் என்பது முன்னதாகவே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆவியில் எந்தக் கேள்வியும் இல்லை. வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு போதும். அவள் தலை இடப்பக்கம் திரும்புவதோடு கட் செய்தால், அடுத்த ஷாட்டில் கோப்பையும் இடப்பக்கமே. கண் ஏற்கெனவே அங்கே போய்விட்டிருக்கும்.

டைட்டில் எழுத்துகளுக்கும் இதே திட்டத் தாளில் இடம் ஒதுக்க வேண்டும். எழுத்து வந்தால் கண் படிக்கப் போய்விடும். ஆவி எழும் நேரத்தில் ஒளிப்பதிவாளரின் பெயரைப் போட்டால் கோப்பையை யாரும் பார்க்க மாட்டார்கள். அவள் சாவியைத் தேடும் விநாடிகள் அதற்குத் தோது.

தொடர்ச்சிப் பிழைகளுக்காகத் தூக்கத்தை இழக்க வேண்டியதில்லை. 1997இல் லெவின், சைமன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் காட்டிய ஒரு குறும்படத்தில் ஒரு கட்டுக்குப் பிறகு நடிகரே வேறொருவராக மாறிவிடுகிறார், பெரும்பாலோர் கவனிக்கவில்லை. கதையின் கேள்வி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கவனம் இருக்கும்.

படப்பிடிப்புக்கு முன் ஸ்டோரிபோர்டுப் படங்களை (ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்கூட்டியே வரையும் படங்கள்) கைப்பேசியில் பிடித்து, ஒவ்வொன்றையும் திட்டமிட்ட விநாடிக்கு நிறுத்தி, தற்காலிக ஒலியோடு கோத்துப் பாருங்கள். கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, 'இப்போது என்ன தெரிய வேண்டும் போலிருக்கிறது?' என்று மட்டும் கேளுங்கள். 'வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள்?' என்றால் படப்பிடிப்புக்குப் போகலாம். 'இது யார் வீடு?' என்றால் செருப்பு ஷாட்டை ஒரு விநாடி நீட்டிவிட்டு, வேறொருவரிடம் காட்ட வேண்டும். முதலாமவருக்குத்தான் கதை தெரிந்துவிட்டதே.