பெட்டியில் இருக்கும் முத்திரையும் காரில் எரியும் விளக்கும்

ஹாலோஜன் பல்புக்குப் பதிலாக எல்இடி போட்ட முகப்பு விளக்கு வாகனச் சோதனையில் தேறவில்லை என்று சொன்னால், உரிமையாளர்களில் பலர் உடனே எல்இடி பல்பு வந்த அட்டைப்பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். வட்டத்துக்குள் ‘இ’ எழுத்தும் எண்ணும் இருக்கும். இல்லையென்றால் ஐரோப்பியச் சந்தையில் விற்கும் பொருள்களில் காணப்படும் ‘சிஇ’ குறி அச்சிட்டிருக்கும். ‘அங்கீகாரம் பெற்றதுதானே, இன்னும் என்ன வேண்டும்?’ என்பார்கள். சிஇ முத்திரைக்கும் சாலையில் பயன்படுத்தும் ஒப்புதலுக்கும் தொடர்பே இல்லை. வட்ட முத்திரையின் பக்கத்தில் ‘10ஆர்’ என்று இருந்தால், அந்தப் பொருள் காரின் மற்ற மின்னணுச் சாதனங்களுக்கு இடையூறு செய்யாது என்பதற்கான ஒப்புதல் அது. வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை அந்தச் சோதனை பார்ப்பதேயில்லை. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்களில் பலருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பல்பு, ரிஃப்ளெக்டர், முன்கண்ணாடி மூன்றும் சேர்ந்த முழு விளக்குக்குத்தான் விதிகள் ஒப்புதல் தருகின்றன. ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளைப் பின்பற்றும் நாடுகளில் அந்த ஒப்புதல் விளக்கின் முன்கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ‘எச்சிஆர்’ என்று இருந்தால் ஹாலோஜன் பல்புக்காக வடிவமைத்த லோ பீம், ஹை பீம் விளக்கு. ‘டிசிஆர்’ என்றால் எச்ஐடி, அதாவது இழை இல்லாமல் வாயுவில் மின்பொறி பாய்ந்து ஒளிரும் வகை. எச்சிஆர் விளக்கில் வேறு வகை ஒளிமூலத்தைப் பொருத்தினால், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்த ஒப்புதல் அப்போதே செல்லாது.

இது வெறும் காகித விவகாரம் இல்லை. லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் தனித்தனி இழை உள்ள எச்4 என்ற ஹாலோஜன் பல்பில், லோ பீமுக்கான இழைக்குக் கீழே சின்னதாக ஓர் உலோகத் தடுப்பு உண்டு. இழையின் இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பிசகினாலும் எதிரே விழும் ஒளியின் வடிவம் மாறிவிடும். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழையை மனத்தில் வைத்தே கணக்கிடப்பட்டது. எல்இடி பல்பில் இருப்பதோ தட்டையான இரண்டு பக்கங்களில் ஒட்டிய சில்லுகள். சோதனைக் கருவியின் திரையில் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்: வெளிச்சமும் இருட்டும் பிரியும், கூர்மையாக இருக்க வேண்டிய வெட்டுக்கோடு கலைந்து, அதற்கு மேலே வெளிச்சம் சிதறிக்கிடக்கும். எதிரே வருபவரின் கண் இருப்பது அந்த இடத்தில்தான்.

‘ஆனால் எனக்கு நன்றாகத் தெரிகிறதே’ என்பார்கள். காருக்குச் சில மீட்டர் முன்னால் பளிச்சென்று தெரிவது உண்மைதான். அருகில் வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும். தொலைவில் இருட்டில் நிற்பவர் முன்பைவிட மங்கலாகத்தான் தெரிவார். நன்றாகப் பார்க்கிறோம் என்ற நம்பிக்கையில் வேகமும் கூடுகிறது. அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை.

விதிவிலக்கே இல்லையா என்றால், உண்டு. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டு ஹாலோஜனுக்கு மாற்றான ஒரு எல்இடி பல்புக்கு முதன்முறையாகச் சாலை அனுமதி கிடைத்தது. அதுவும் சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கும் விளக்குகளுக்கும் மட்டும். பட்டியலில் இல்லாத காரில் அதே பல்பைப் பொருத்தினால் அது விதிமீறல்தான்.

ஹாலோஜனை எச்ஐடிக்கு மாற்றுவதில் இன்னொரு சிக்கல். 2000 லூமெனுக்கு மேல் ஒளி தரும் லோ பீம் விளக்குகளுக்கு, காரில் சுமை ஏறும்போது தானாகச் சாய்வைச் சரிசெய்யும் அமைப்பும் விளக்கின் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் வேண்டும் என்பது ஐ.நா. விதி. வெளியில் வாங்கிய எச்ஐடி கிட்டில் இவை இரண்டும் வந்து நான் பார்த்ததில்லை.

பகல்நேர விளக்கு, அதாவது டிஆர்எல், வேறு வகை. அது ஓட்டுநர் சாலையைப் பார்ப்பதற்கானது அன்று. மற்றவர்கள் நம் காரைப் பார்ப்பதற்கானது. 1989 டிசம்பர் முதல் தயாரான கார்களுக்குக் கனடாவில் அது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய மாடல்களுக்குக் கட்டாயம். அமெரிக்காவில் அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. இந்தக் கட்டாயங்கள் எல்லாம் புதிய வாகனத்தைத் தயாரிப்பவருக்கு உரியவை. பழைய காரிலும் பொருத்தியே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

விருப்பப்பட்டுப் பொருத்தலாம், பல நாடுகளில் தடை இல்லை. விளக்கின் மீது ‘ஆர்எல்’ குறியும் ஒப்புதல் எண்ணும் இருக்க வேண்டும். நிறம் வெள்ளை. தரையிலிருந்து 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 150 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வழக்கமான அகலமுள்ள காரில் இரண்டுக்கும் இடையே குறைந்தது 60 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். பம்பரில் ஒட்டும் எல்இடி பட்டைகள் பெரும்பாலானவற்றில் எந்தக் குறியும் கிடையாது.

பலரும் கோட்டைவிடும் இடம் வயரிங். முகப்பு விளக்கைப் போட்டதும் டிஆர்எல் தானாக அணைய வேண்டும் அல்லது மங்க வேண்டும். டிஆர்எல் 400 முதல் 1200 கேண்டெலா (ஒரு திசையில் போகும் ஒளிச்செறிவின் அலகு) வரை ஒளிரலாம். லோ பீமிலிருந்து எதிரே வருபவரின் கண் பக்கம் போக அனுமதிக்கப்பட்டதோ சில நூறு கேண்டெலாதான். பகலில் உறுத்தாத அந்த விளக்கு இரவில் முழு வீச்சில் எரிந்தால் லோ பீமைவிடக் கூடுதலாகக் கண்ணைக் கூசவைக்கும். சாவியைத் திருப்பினால் எரியும்படி நேராக இணைத்துவிடும் மலிவான வேலையில் இதுதான் நடக்கிறது. இதற்கு எதிர்மாறான தவறும் உண்டு. டிஆர்எல் மட்டும் எரியும்போது பல கார்களில் பின்விளக்குகள் எரியாது. அந்தி வேளையில் முன்னால் வெளிச்சம் தெரிவதால், பின்புறம் இருட்டாக ஓடுவதை ஓட்டுநர் கவனிப்பதில்லை.

முன்புறம் சிவப்பு, எங்கும் நீலம், மினுமினுக்கும் விளக்கு ஆகியவற்றைப் பற்றி விளக்கம் தேவையில்லை. அவை அவசர வாகனங்களுக்கு உரியவை. அநேகமாக எந்த நாட்டிலும் தப்ப முடியாது.

வெளிச்சம் உண்மையிலேயே போதவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது விளக்கின் முன்கண்ணாடியை. மஞ்சளேறிய பாலிகார்பனேட்டை மெருகேற்றினாலே பலருடைய குறை தீர்ந்துவிடும். அடுத்து, பல்பின் முனையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். துருப்பிடித்த இணைப்பால் அது 10 சதவீதம் குறைந்தால் ஹாலோஜனின் ஒளி ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பிறகு இரண்டு பக்கமும் ஒப்புதல் பெற்ற புதிய ஹாலோஜன் பல்பு, சாய்வைச் சரிபார்த்தல். இதன் பிறகும் எல்இடிதான் வேண்டும் என்றால், உங்கள் கார் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற முழு விளக்கையே மாற்றி, பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் கேட்பது அந்தக் கடிதத்தைத்தான்.