நர்சிங் பேராசிரியராகப் படிக்க அமெரிக்க அரசுக் கடன்: 85 சதவீதத் தள்ளுபடி கிடைப்பது எப்படி?

அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் 2021-ல் தகுதியுள்ள 91,938 விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பின. இது ஏஏசிஎன் எனப்படும் அமெரிக்க நர்சிங் கல்லூரிகள் சங்கத்தின் கணக்கு. ஒருவரே நாலு கல்லூரிக்குப் போட்டிருப்பார், ஆகவே அத்தனை பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் இடம் கொடுக்க முடியாமல் போனதற்குப் பாடம் நடத்த ஆள் இல்லாதது ஒரு பெரிய காரணம். மருத்துவமனையில் கிடைக்கிற சம்பளம் கல்லூரியில் கிடைக்காது. முதுகலை, முனைவர் படிப்புக்கு வாங்கிய கடனும் தலையில் இருக்கும். இதைச் சரிக்கட்ட வந்ததுதான் நர்ஸ் ஃபேகல்டி லோன் திட்டம்.

முதலில் ஒன்று: கடனை மாணவருக்கு நேரடியாகக் கொடுப்பது மத்திய அரசு அல்ல. ஹெச்ஆர்எஸ்ஏ என்ற சுகாதாரத் துறை அமைப்பு கல்லூரிக்குப் பணம் தருகிறது. கல்லூரி அதில் ஒன்பதில் ஒரு பங்கைத் தன் கையிலிருந்து சேர்த்து, ஒரு கடன் நிதியை வைத்துக்கொண்டு மாணவருக்குத் தருகிறது. ஆகவே விண்ணப்பம் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கே போக வேண்டும். எல்லாக் கல்லூரியிலும் இது இல்லை. இருக்கிற இடத்திலும் எல்லா ஆண்டும் பணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. சேருவதற்கு முன்பே "இந்த ஆண்டு புதிய கடன் தருகிறீர்களா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் கேட்கலாம். மாணவர் விசா, ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அங்கே வேலை பார்க்கும் நம் ஊர் நர்சுகள் பலர் தடுக்கிவிழுவது இங்கேதான். படிப்பில் கற்பித்தல் தொடர்பான பாடங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். பணம் கல்விக் கட்டணம், புத்தகம், ஆய்வகச் செலவு போன்றவற்றுக்கு மட்டும். வீட்டு வாடகைக்கு ஆகாது.

படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் அங்கீகாரம் பெற்ற நர்சிங் கல்லூரியில் முழுநேர ஆசிரியராகச் சேர்ந்தால் தள்ளுபடி தொடங்கும். முதல் மூன்று ஆண்டுகள் முடியும்போது ஆண்டுக்கு 20 சதவீதம், நான்காம் ஆண்டு முடிவில் 25 சதவீதம். 60,000 டாலர் கடன் என்றால் அசலில் 12,000 வீதம் மூன்று முறை, பிறகு 15,000. மொத்தம் 51,000 கழியும். மிச்சம் 9,000-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். முழுக்கடனும் போய்விடும் என்று நினைத்து அந்த 15 சதவீதத்தை மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

தள்ளுபடி தானாக நடக்காது. வேலை ஆண்டின் தொடக்கத்தில் தவணையை ஒத்திவைக்கச் சொல்லி ஒரு படிவம், ஆண்டு முடிந்ததும் தள்ளுபடி கேட்டு இன்னொரு படிவம். வேலை பார்க்கும் கல்லூரி அவற்றில் சான்று தர வேண்டும். பிறகு கடன் கொடுத்த கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். இரண்டும் வெவ்வேறு கல்லூரிகளாக இருக்கும்போதுதான் படிவம் தொலைகிறது. முகவரி மாறினால் பழைய கல்லூரிக்கு உடனே எழுதிப் போடுங்கள்.

படிப்பு முடிந்து மூன்று மாதம் கழித்து 3 சதவீத வட்டி ஏறத் தொடங்கும். படிப்பு முடிந்து ஒன்பது மாதத்துக்குப் பிறகு பத்தாண்டுத் தவணை ஆரம்பம். படிப்பை முடிக்காமல் விட்டாலோ, கற்பிக்காமல் மருத்துவமனை வேலைக்கே திரும்பினாலோ அந்த 3 சதவீதம் போய்ச் சந்தை வட்டி வந்துவிடும். கற்பித்தலில் உறுதியில்லாதவர்கள் இந்தக் கடனைத் தொடாமல் இருப்பதே மேல்.

மேலே சொன்ன நர்சிங் கல்லூரிகள் சங்கம் 1969-ல் தொடங்கியது. அது கடன் தருவதில்லை. இத்தகைய திட்டங்களுக்கு நிதி ஒதுக்கச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றத்தில் வாதாடுவது அதன் வேலைகளில் ஒன்று. அதன் உறுப்புக் கல்லூரிகளில் முதுகலை, முனைவர் படிப்பு படிப்பவர்கள் பட்டதாரி நர்சிங் மாணவர் அகாடமியில் கட்டணமில்லாமல் சேரலாம். தீவிர சிகிச்சை நர்சுகளின் சங்கத்துக்கும் அதே ஏஏசிஎன் என்ற சுருக்கப் பெயர்தான், தொடங்கியதும் அதே 1969-ல். இணையத்தில் தேடும்போது முழுப்பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.