தெஸ்பேச்சோ: காதல் தோல்வியா, ஆற்றாமையா?

மெக்சிகோவின் ராஞ்செரா, பண்டா, நோர்த்தேன்யோ என்ற பாட்டு வகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'தெஸ்பேச்சோ' என்ற ஸ்பானியச் சொல்லும் கூடவே வரும். 'காதல் தோல்வி' என்று தமிழாக்கினால் பாதிதான் தேறும். தோற்றவர் அழுது ஓயலாம். தெஸ்பேச்சோ பிடித்தவரோ அழுதுகொண்டே திட்டுவார், திட்டிக்கொண்டே ஏங்குவார். பழைய காதலிக்கு உறைக்கட்டும் என்றே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டால், அதையும் 'தெஸ்பேச்சோவால்' செய்தான் என்பார்கள்.

ஸ்பானியத்தில் 'பேச்சோ' என்றால் மார்பு. அதனால் நெஞ்சு கழன்றுபோன நிலை என்று விளக்கத் தோன்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியில்லை. மார்பிலிருந்து பிறந்த தெஸ்பேச்சோ வேறு: அதற்குத் தாய்ப்பாலை மறக்கடித்தல் என்று பொருள். நாம் பேசும் தெஸ்பேச்சோவின் வேர் லத்தீன் 'தெஸ்பெக்துஸ்'. மேலிருந்து கீழே பார்ப்பது, அதாவது இளக்காரம். தன்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லையே என்ற காந்தல்தான் இதில் தூக்கல்.

இதை மேடையில் முழுசாகக் காட்டியவர் பாடகி பக்கீத்தா லா தெல் பாரியோ (1947–2025). வெராகுருஸ் மாநிலத்துக்காரர், மெக்சிகோ நகரில் சொந்த உணவகம் வைத்து அங்கேயே பாடினார். துரோகம் செய்த ஆணை 'இரண்டு கால் எலி' என்றெல்லாம் வரிசையாக வசைபாடும் பாட்டுதான் அவரது அடையாளம். நடுவே "நான் சொல்றது கேக்குதா, உதவாக்கரை?" என்பார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். ஹோசே ஆல்ஃப்ரேதோ ஹிமேனெஸ் (1926–1973) எழுதிய ராஞ்செராக்களில் வசை குறைவு, வீம்பு அதிகம். அரியணையும் இல்லை, ராணியும் இல்லை, ஆனாலும் நான்தான் ராஜா என்பான் அவர் பாட்டில் வரும் ஆள். இந்தப் பாட்டுகளுக்கு ஒப்பாரி மெட்டு என்று நினைத்துவிட வேண்டாம். டிரம்பெட் முழங்கும், கேட்பவர்கள் நடுவில் கூவுவார்கள்.

சரி, தமிழில்? 'ஊடல்' பொருந்தாது, சமாதானமாகும் நம்பிக்கை அதில் உண்டு. 'விரக்தி'யில் சூடு இல்லை. என் தேர்வு 'ஆற்றாமை'. குறளில் 'பிரிவாற்றாமை' என்று ஓர் அதிகாரமே இருப்பதால் ஏக்கம் வந்துவிடுகிறது. 'ஆற்றாமையில் பேசுகிறான்' என்று இன்று சொல்லும்போது கையாலாகாத கோபமும் சேர்கிறது. பாட்டு வகைக்கு 'ஆற்றாமைப் பாட்டு' எனலாம். 'ஆ தெஸ்பேச்சோ தே' என்ற தொடராக வந்தால் மட்டும் 'பொருட்படுத்தாமல்' என்று எழுத வேண்டும். அங்கே காதலுக்கு வேலையில்லை.